பிளக்கில் இழுத்த சந்தனக் கோடு

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பின் ஃபோர்மேனை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அவர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. இழவு வீட்டுக்குப் போனேன், மாலையும் போட்டேன், அப்போதும் மன்னிக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. ஜெஞ்சாரோமில் செம்பனைத் தோட்டம் வைத்திருந்த ஒரு கொன்ட்ரெக்டர் தன்னுடைய ஜப்பான் டர்போ காரை எங்களிடம்தான் சர்வீசுக்கு விடுவார். ஒரு தடவை நான் அதற்கு நான்கு புது பிளக் மாட்டி அனுப்பினேன். இரண்டே வாரத்தில் கார் திரும்பி வந்தது. மெதுவாகப் போனால் ஒரு குறையும் இல்லை. ஆக்சிலேட்டரை அமுக்கி, டர்போ காற்றை நெருக்கி உள்ளே தள்ள ஆரம்பித்ததும் எஞ்சின் திக்கியது, குலுங்கியது, வேகம் செத்தது.

ஃபோர்மேன் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. முதலாளி, கொன்ட்ரெக்டர், இன்னும் நாலைந்து கஸ்டமர்கள் சுற்றி நிற்கும்போது என்னைக் கை காட்டினார். "பிளக்க சிமெண்டுத் தரையில போட்டுட்டு அப்படியே எடுத்து மாட்டியிருக்கான் பாஸ். நானே பார்த்தேன்."

கீழே விழுந்த பிளக்கில் பீங்கான் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டிருக்கும், அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். தெரிந்தே அதை மாட்டுகிறவன் மெக்கானிக் அல்ல, திருடன். என் கையிலிருந்து ஒரு பிளக்கும் விழவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி, "நாளையிலேருந்து நீ வர வேணாம்லா" என்று சொல்லிவிட்டார்.

அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அப்பா. ரயில்வேயில் தண்டவாளப் பகுதியில் இருந்தார். எங்கள் குவாட்டர்ஸ் ஒர்க்‌ஷாப்பிலிருந்து நடந்து போகும் தூரம். அன்றைக்கு அவர் என்னை எதிரே நிறுத்தி, "விழுந்துச்சா இல்லையா? உண்மைய சொல்லு" என்றார். விழவில்லை என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவையும் அதே கேள்வி, அதே பதில். பிறகு கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு ஃபோர்மேன் வீட்டுக்குப் போனார். என் சார்பில் மன்னிப்புக் கேட்க.

வாசலில் நின்று அவர் போவதைப் பார்த்தேன். அந்த ஆளின் வாயாலேயே அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வைக்காவிட்டால் நான் ஸ்பேனரைத் தொடுவதில் அர்த்தமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எவனும் என்னைச் சேர்க்கவில்லை. கிள்ளானில் ஒர்க்ஷாப் வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே, பழைய கதை எதுவும் கேட்காமல் எடுத்துக்கொண்டார். பத்து மாதம் கழித்து அந்த ஒர்க்‌ஷாப் வாசலில் அதே டர்போ கார் வந்து நின்றது. கொன்ட்ரெக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. முகம் சுருங்கியது. "ரெண்டு தடவ பிளக் மாத்திட்டான் உங்க ஃபோர்மேன். இன்னும் அதே திக்கல்தான்" என்றார்.

பிளக்குகளைக் கழற்றினேன். முனை இடைவெளியை அளந்தேன்; சரியாக இருந்தது. வயரை மாற்றிப் பார்த்தேன், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் பார்த்தேன். எல்லாம் சரி. அப்புறம் ஒரு பிளக்கை வெயிலில் திருப்பிப் பிடித்தேன். வெள்ளைப் பீங்கானின் மேல், உச்சியிலிருந்து அடியில் இரும்பு வரைக்கும், பென்சிலால் இழுத்தது போல ஒரு கருங்கோடு. நகத்தால் சுரண்டினால் கருப்புக்கு அடியில் மஞ்சள், அதன் நடுவில் கொஞ்சம் சிவப்பு.

எனக்குச் சிரிப்பு வந்தது. உட்கார்ந்து சிரித்தேன்.

ஆயுத பூஜையன்று ஃபோர்மேன் புது பிளக்குகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துச் சாமி முன்னால் அடுக்குவார். சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு பீங்கானிலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுப்பார், நடுவில் குங்குமம் வைப்பார். மாட்டும்போது நாங்கள் அதைத் துடைக்கக் கூடாது. ஒருமுறை துடைக்கப் போய் நான் திட்டு வாங்கியிருக்கிறேன். சாதாரணக் காரில் அது ஒன்றும் செய்யவில்லை. டர்போ காரில் உள்ளே காற்று நெருக்கமாகும்போது தீப்பொறி முனையில் தாவுவது கஷ்டம். வெளியே சுலபமான வழி கிடைத்தால் அதில் ஓடிவிடும். இவர் சந்தனத்தால் வழி போட்டுக் கொடுத்திருந்தார். பிளக்கை மூடும் ரப்பர் தொப்பிக்குள்ளும் அந்தக் கோடு எரிந்து பதிந்திருந்தது. மாற்றிய பிளக்குகளும் அதே பூஜைப் பெட்டியிலிருந்து வந்தவைதான்.

புது பிளக், புது தொப்பி போட்டுக் காரைச் சரி செய்து கொடுத்தேன். "ஒரே ஒரு உதவி அங்கிள். ஆயுத பூஜை அன்னிக்கு இந்தக் காரோட பிரிக்ஃபீல்ட்ஸ் வாங்க" என்றேன். அவருக்கும் எரிச்சல் இருந்தது. வந்தார்.

ஒர்க்‌ஷாப் நிறையக் கூட்டம். ஃபோர்மேன் பட்டு வேட்டியில் உட்கார்ந்து பிளக்குகளுக்குச் சந்தனம் இழுத்துக்கொண்டிருந்தார். முதலாளியிடம் அனுமதி கேட்டு, ஃபோர்மேன் அப்போதுதான் கோடு போட்ட நான்கை எடுத்து, நான் பத்திரமாக வைத்திருந்த பழைய தொப்பிகளோடு மாட்டினேன். முதலாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கொன்ட்ரெக்டர் பங்சார் மேட்டுக்கு ஓட்டிப் போனார். கார் திக்கித் திக்கித் திரும்பியது. அதே இடத்தில், எல்லோர் கண்ணெதிரிலும், சுத்தமான பிளக்கும் புதுத் தொப்பியும் மாட்டினேன். மறுபடி போனார்கள். இந்த முறை கார் வழுக்கிக்கொண்டு வந்தது. முதலாளி கருங்கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஃபோர்மேனைப் பார்த்தார்.

"சாமி விஷயம் பாஸ், நமக்கு எப்படித் தெரியும்..." என்று இழுத்தார் ஃபோர்மேன்.

"சாமி மேல பழிய போடாதீங்கண்ணே. பிளக் கீழ விழுந்துச்சு, நானே பார்த்தேன்னு சொன்னது சாமியா?"

ஃபோர்மேன் சந்தனக் கையைப் பட்டு வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார். அதை நான் வெயிலில் ஐஸ் காச்சாங் சாப்பிடுவது போல ரசித்தேன். முதலாளி வேலையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். வேண்டாம், இவர் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லட்டும், அது போதும் என்றேன்.

வந்தார். பட்டு வேட்டியோடு, வியர்வையில் பொட்டு கரைந்து வழிய, குவாட்டர்ஸ் வாசலில் நின்று சொன்னார். "உங்க மகன் பிளக்க கீழ போடலண்ணே. நான் பார்த்தேன்னு சொன்னது பொய்." அப்பா அவரை உள்ளே கூப்பிடவில்லை, உட்காரச் சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொன்னார். ஃபோர்மேனின் தலை தெருமுனையில் மறையும்வரை நான் ஆசை தீரப் பார்த்தேன்.

திரும்பினால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நீ மூணு தடவ சொன்னடா. நான்தான் நம்பல" என்றார். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

பரவாயில்லப்பா என்று நான் சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. வேண்டுமென்றே விழுங்கிவிட்டு, கிரீஸ் கையைக் கழுவப் பின்பக்கம் போனேன். அதற்குப் பிறகும் ஒரே வீட்டில் ஆறு வருஷம் இருந்தோம். அவர் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஃபோர்மேனைப் பழிவாங்க எனக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது. அப்பாவை அவர் சாகும்வரை பழிவாங்கினேன்.