செல்வராணிக்காக ஒரு புலமைப்பரிசில் விண்ணப்பம்

மனு டைப் அடித்துக் கொடுக்கும் தொழிலில் விரல் வலிப்பது பெரிதில்லை; அடுத்தவர் பிள்ளைக்குப் பதில் வரும்வரை நமக்குச் சோறு இறங்காதே, அதுதான் பெரிய அவஸ்தை. படிவத்தை அனுப்பிவிட்டுத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருப்பீர்களே, உங்களுக்கு விளக்கவே வேண்டாம்.

எழுபதுகளில் யட்டியாந்தோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு புத்தகக் கடை வாசலில் என் டைப்ரைட்டர் இருந்தது. அங்கேதான் ஒருநாள் பாக்கியம் அக்கா தன் மகள் செல்வராணியோடு வந்து நின்றார். அக்கா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுபவர். மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தேறியிருந்தாள். அவர்கள் தோட்டத்திலிருந்து முதல் ஆள்! படிப்பு இலவசம். அங்கே தங்கவும் சாப்பிடவும்தான் வழியில்லை. கொழும்பில் ஒரு தர்ம நிதியம் உதவுவதாகப் பத்திரிகையில் பார்த்து, படிவத்தை வரவழைத்திருந்தார்கள்.

வருட வருமானம்

முதல் பக்கத்திலேயே சிக்கினோம். "குடும்பத்தின் வருட வருமானம்" என்று கேட்டிருந்தார்கள். அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மழை பெய்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலி சரியாக வராது. எங்கள் பக்கத்து மழையோ உங்களுக்குத் தெரிந்ததுதான்.

"இத என்கிட்ட கேக்காதீங்க மிஸ், மழைகிட்ட கேட்டு எழுதுங்க."

மூன்று பெயர்கள்

பிறப்புச் சான்றிதழில் செல்லம்மா. பள்ளிக்கூடத்தில் செல்வராணி. குடியுரிமைப் பத்திரத்தில் சிங்கள எழுத்தில் யாரோ அவசரமாக எழுதியதைச் செலவரணி என்றுதான் வாசிக்க முடிந்தது. மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு நான்கு நாள்தான் இருந்தது. நான் பதற்றத்தில் பிழைமேல் பிழையாக அடித்துத் தாள்களைக் கிழித்துக்கொண்டிருந்தேன். செல்வராணி பக்கத்தில் நின்று மெல்லக் கேட்டாள்:

"மிஸ், மூணு பேருக்கும் தனித்தனியா ஸ்கொலர்ஷிப் குடுப்பாங்களா?"

பிணை

கடைசிப் பக்கத்தைத் திருப்பியபோது என் கை நின்றுவிட்டது. பிள்ளை படிப்பைப் பாதியில் விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டுவதாக, சொந்தக் காணி உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பவர்களுக்கு ஏது காணி? குடியிருக்கும் அறையே தோட்டத்துக்குச் சொந்தம். பாக்கியம் அக்கா கடதாசிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். அன்று அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை.

மறுநாள் அவரோடு ஒரு சிங்கள அம்மா வந்தார். பெயர் ஹீன்மெனிக்கே. லயத்துக்குப் பக்கத்தில் அவருக்கு அரை ஏக்கர் காணி. செல்வராணியைக் குழந்தையிலிருந்து பார்ப்பவர். பின்னாலேயே அவருடைய மகன், "அம்மே, எப்பா! வேண்டாம், காணி போய்விடும்!" என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தான். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா அவசரப்படவில்லை. சேலைத் துண்டில் சுற்றியிருந்த காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். மகனுக்கும் எனக்கும் சேர்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"இந்தக் காணி எங்க அப்பா எனக்குத் தந்தது, மகனுக்கு இல்ல. பேனா தாங்க, நோனா."

ஒன்பது மணிக்குக் கொழும்பு

நேர்முகத்துக்கு அழைத்த கடிதம் தோட்டத்து ஒபிசில் ஒரு வாரம் கிடந்திருக்கிறது. அது கைக்கு வந்த நாளுக்கு மறுநாளே, காலை ஒன்பது மணிக்குக் கொழும்பில் இருக்க வேண்டும்! மூலப் பத்திரங்கள் என்னிடம் இருந்ததால் தாயோடும் மகளோடும் நானும் முதல் பஸ்ஸில் ஏறினேன். அவிசாவளையில் பஸ் பழுதாகி நின்றது. இறங்கி ஓடி, நகரத் தொடங்கியிருந்த இன்னொரு பஸ்ஸை மூவருமாகக் கைதட்டி நிறுத்தி ஏறினோம். ஒன்பதுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது செல்வராணி உள்ளே போனாள்.

கதவு சரியாகச் சாத்தவில்லை, எல்லாம் கேட்டது. "நாங்கள் உதவி தராவிட்டால் என்ன செய்வீர்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவள் குரலில் நடுக்கமே இல்லை.

"அடுத்த வருசமும் இதே விண்ணப்பப் பாரத்தோட வருவேன் சேர். எங்க டைப்பிங் மிஸ்ஸுக்கு இப்ப கேள்வியெல்லாம் மனப்பாடம்."

கடிதம்

ஐந்து வாரம் கழித்து பாக்கியம் அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் பால் பிசின் காயவில்லை. பிரிக்காத உறை ஒன்றை நீட்டினார். செல்வராணி கரவனெல்ல ஆஸ்பத்திரியில் சுகமில்லாத சித்தியைப் பார்க்கப் போயிருந்தாள். அவள் வரும்வரை அக்காவால் பொறுக்க முடியவில்லை. எனக்கும்தான். உறையைக் கிழித்த வேகத்தில் கடிதமும் ஓரத்தில் கிழிந்தது. முதல் வரியைப் பார்த்ததும் எனக்குக் கண் மறைத்தது. படிப்பு முடியும்வரை மாதாமாதம் உதவி!

தட்டுத்தடுமாறி வாசித்து முடித்தேன். அக்கா என் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார்:

"இன்னொருக்கா வாசிங்க மிஸ், சத்தமா வாசிங்க. பஸ்ஸுல இருக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்!"

அடுத்த திங்கட்கிழமை பதினொரு தாய்மார் பதினொரு படிவங்களோடு என் முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒரு பிள்ளைக்கு உதவிப்பணம் கிடைத்தால் டைப் அடிப்பவளுக்கு மதியச் சாப்பாடு கிடைக்காது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.