எட்டு டிகிரிக்காக மாமல்லபுரம் போனது

இந்த முறை கோயில், கடற்கரை, மீன் வறுவல் எதுவும் இல்லை. ஒரு படம்கூட எடுக்கவில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க மாமல்லபுரம் போனேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

காலை 8.10க்கு ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய், முப்பத்தைந்து நிமிடம்.

விஷயம் இதுதான். எங்கள் ஆய்வகத்தில் பெரோவ்ஸ்கைட் வகைப் படிகங்களுக்குள் ஒலியைச் செலுத்தி அதன் வேகத்தை அளப்போம். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் நல்ல கெட்டியான படிகம். குளிரவைத்துக்கொண்டே போனால் மைனஸ் 168 டிகிரிக்குப் பக்கத்தில் உள்ளே அணுக்களின் அடுக்கு லேசாகத் திரும்பி வேறு வடிவத்துக்கு மாறும். அந்த நேரத்தில் படிகம் இளகும், மூட்டு தளர்ந்த நாற்காலி உட்கார்ந்ததும் கொஞ்சம் அசைந்து கொடுப்பது மாதிரி. ஒலியின் வேகம் அங்கே சரியும்.

எனக்கு அது மைனஸ் 176இல் சரிந்தது. படிகத்தில் ஆக்சிஜன் குறைந்தால் இப்படிக் கீழே தள்ளிப்போகும். அதனால் படிகத்தை வளர்த்த விதத்தில்தான் குறை என்று அறிக்கை எழுதி ஒன்பது பேருக்கு அனுப்பினேன். படிகத்தை வளர்த்தவர் அமுதா, மாமல்லபுரத்துக்காரர், வேறோர் ஆய்வகத்தில் ஒப்பந்த ஊழியர். மறுபடி சூடேற்றும்போதும் அளந்தீர்களா என்று மெயிலில் கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை.

அளக்கவில்லை. அன்று சாயங்காலம் எனக்கு ஏற்காட்டுக்குப் பஸ். நீங்களெல்லாம் ஆஹா ஓஹோ என்ற அந்த ஏற்காடு பதிவுக்காகத்தான் அவசர அவசரமாகக் குளிரவைத்தேன். வெப்பமானியைப் படிகத்தின்மேல் வைக்காமல் குளிர்த் தட்டில் வைத்திருந்தேன். தட்டு முந்திக் குளிர்ந்தது, படிகம் பின்தங்கியது. நான் குறித்த 176 தட்டின் குளிர்தான், சூடேற்றும்போதும் அளந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பிறகு ஒருநாள் நிதானமாக அளந்தால், இறங்கும்போதும் ஏறும்போதும் மைனஸ் 168. தெரிந்த பிறகும் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. அமுதாவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா என்று முடிவுசெய்ய திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது, என் அறிக்கையும் அதில் இருக்கிறது என்று கேள்விப்பட்டபோதுதான் கிளம்பினேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். சுமார் 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், 28 ரூபாய். இறங்கியதும் ஆட்டோக்காரர் கோயில் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னார். அமுதா வீட்டுத் தெருவின் பெயரைச் சொன்னேன். "வூட்டுக்கா? அப்போ அம்பது குடு சார்" என்றார்.

அமுதா நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ரிப்போர்ட்டை ஒம்பது பேருக்கு அனுப்சீங்க. தப்புன்றத மட்டும் எனக்குத் தனியா சொல்ல வந்துகிறீங்க. எனக்குத்தான் அது முன்னாடியே தெரியுமே சார்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இவர் ஒருவர் மன்னித்துவிட்டால் மற்றவர்களிடம் சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்றுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து கைபேசியில் மெயில் எழுதினேன். வெப்பமானி தவறான இடத்தில் இருந்துவிட்டது என்று ஆரம்பித்திருந்தேன். அமுதா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தெர்மாமீட்டர் தானா போயி அங்க ஒக்காந்துச்சா?"

திருத்தினேன். 11.10க்கு அதே ஒன்பது பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

திங்கள் மதியம் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: "ஒரு வருஷம் நீட்டிச்சிட்டாங்க." நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் கூனிக் குறுகியிருப்பேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஒன்பது மணிக்குமேல் செங்கல்பட்டு பஸ்ஸில் கூட்டம் அதிகம், சீக்கிரம் கிளம்புங்கள். ஆனால் இப்படிப்பட்ட காரியம் என்றால், சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் முதலில் வீட்டிலிருந்தே எழுதிவிடுங்கள். அப்புறம் போங்கள். அப்படிப் போனால்தான் அவர்கள் கொடுக்கும் தண்ணீரை நிம்மதியாகக் குடிக்க முடியும்.