கன்னி மூலைப் பெட்டி

கொழும்பு வெள்ளவத்தையில் புஷ்பராஜைப் போல் இன்னொரு மேதாவி பிறக்கவில்லை; பிறக்கவும் வேண்டாம்! கப்பல் கொம்பனியில் இருபத்தெட்டு வருடம் கோப்புத் தூக்கியவர், ஓய்வு பெற்றதும் தன் வான் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துப் போகும் பழைய சில்லு வீடு, கரவன் ஒன்றை வாங்கி, ஒழுங்கையை அடைத்து நிறுத்தினார். அதற்குத் தண்ணீர்த் தாங்கி பூட்டினார், ஒழுகியது. ஏணி பூட்டினார், கழன்றது. மனைவி துஷ்யந்தி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

இப்போது திருகோணமலையில் அவருடைய தங்கை மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு. மூத்த தாய்மாமன் அவர். சீரோடு போய் முன்னுக்கு நிற்கவேண்டும். பஸ்ஸில் போவது கௌரவக் குறைவாம்! கரவனுக்குள் இடம் போதாதென்று பலகையில் தானே ஒரு பெட்டி அடித்தார், வெளிச்சுவரில் பூட்ட.

துளை போட வந்த நபீஸ் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இந்த எடத்துல உள்ளுக்குச் சட்டம் இல்ல, வெறும் தகடு. ரெண்டடி முன்னுக்குப் பூட்டுவம்."

"மடையா! பாரம் கன்னி மூலையில இருக்கோணும். தென்மேற்கு இதுதான்."

துஷ்யந்திக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "இஞ்சாருங்கோ, இது வீடே? வண்டி திரும்பினா உங்கட கன்னி மூலையும் திரும்புமெல்லே?"

"வாயை மூடும்! சாத்திரம் தெரியாத சனம்."

"அப்ப நீங்களே அடிங்க," என்று நபீஸ் துளைக்கருவியைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினான்.

சடங்குக்கு முதல்நாள் காலை, சீர்ப் பலகாரமான பயத்தம்பணியாரமும் அரியதரமும் அவரே பூட்டிய பெட்டிக்குள் ஏறின. பட்டுச்சேலையை மட்டும் துஷ்யந்தி கொடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.

காலி வீதியில் ஏறி முதல் குழியில் சில்லு இறங்கியதும் தகடு கிழிந்தது. பெட்டி தெருவில்! பணியாரமெல்லாம் பஸ் சில்லுக்கு அடியில்!

"அங்கிள், எங்கட கடைக்கும் கொஞ்சம் சீர் வையுங்கோ!" என்று தெருவோரக் கடையிலிருந்து ஒருவன் கத்தினான்.

புஷ்பராஜ் அழுதாரா? வெட்கப்பட்டாரா? பெட்டியருகே குந்தியிருந்து திருகாணியைப் பார்த்தார்.

"சாமான் சரியில்லை. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான். திரும்பப் பூட்டிப்போட்டு வெளிக்கிடுவம்."

அந்த நொடியில் துஷ்யந்தியின் முப்பது வருடப் பொறுமை அறுந்தது. தொலைபேசியில் அவருடைய தங்கையை அழைத்தாள்.

"மச்சாள், உங்கட மூத்தண்ணாவைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. சின்னண்ணாவை முன்னுக்கு நிக்கச் சொல்லுங்கோ. சேலையோட நான் வாறன்."

"அது என்ர உரிமையடி!" என்று அலறினார்.

"ஓம், உங்கட உரிமைதான். வாங்கோ, இப்பவே பஸ்ஸில போவம்."

அவர் கரவனைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

துஷ்யந்தி ஓட்டோவை மறித்து ஏறினாள். "மல்லி, புறக்கோட்டை பஸ் ஸ்டாண்ட்," என்றாள் ஓட்டோக்காரத் தம்பியிடம்.

ஓட்டோ நகர்ந்தது. புஷ்பராஜ் ஓரடிகூடப் பின்னால் வரவில்லை. பெட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்?