வருமுன் போட்ட வருகை

காலை ஏழரை மணிக்கு ஜெராய் மலை இருக்காது. பனி அதை முழுசாக விழுங்கியிருக்கும். எங்கள் பள்ளி அதன் அடிவாரத்தில், செம்பனைத் தோட்டம் முடிந்து யான் ஊர்ப் பக்கத்து நெல்வயல்கள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. நான்காம் ஆண்டுக்கு நான்தான் வகுப்பாசிரியை. மொத்தமே ஒன்பது பிள்ளைகள். முதல் மணி அடித்து அரைமணி நேரம்வரை, என்னையும் சேர்த்து, எல்லோரும் பாதித் தூக்கத்தில் இருப்போம். ஒரு பிள்ளை கொட்டாவி விட்டால் அது மேசை மேசையாகப் போய்க் கடைசியில் என்னிடம் வந்து சேரும். அந்த நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாரும் யாரையும் அதட்ட மாட்டோம்.

அந்த மயக்கத்தில்தான் வருகையும் எடுக்க வேண்டும். இப்போது எல்லாம் கைப்பேசியில். எட்டரைக்குள் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பச்சைக் குறி போட்டு அனுப்பிவிட வேண்டும். குறி விழாதவர் வராதவர். வராத நாள்கள் கூடினால் வீட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும். மூன்றாவது கடிதமும் போய்விட்டால் பிள்ளையின் பெயரைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடலாம்.

என் வகுப்பில் ஒருத்திக்கு இரண்டு கடிதங்கள் போயிருந்தன. அவள் அம்மாவுக்குச் சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. அம்மாவும் மகளும் மட்டும்தான். இரவில் பக்கத்து வீட்டு அக்காவிடம் படுத்துக்கொள்வாள். அந்த அக்கா விடியும் முன்பே தோட்ட வேலைக்குக் கிளம்பிவிட, இவளே எழுந்து, குளித்து, சீருடை போட்டுக்கொண்டு நடந்து வருவாள். வழியில் எதைப் பார்த்தாலும் நின்றுவிடுவாள். எட்டேமுக்காலுக்கு ஈரக் காலணியோடு வாசலில் நின்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்குக் கோபம் வராது.

இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு, அவள் வருவதற்கு முன்பே அவளுக்கும் குறி போட ஆரம்பித்தேன். எப்படியும் வரத்தான் போகிறாள், கால்மணி நேரத்தில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது? இரண்டு மாதம் அப்படியே ஓடியது. என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமைகூட.

அன்று விடியலில் நல்ல மழை. மழை விட்டும் வகுப்பில் வெளிச்சம் ஏறவில்லை. பிள்ளைகள் ஏதோ வரைந்துகொண்டிருந்தார்கள். நான் ஜன்னலோரம் நின்று, பனிக்குள் எங்கேயோ ஓடும் அறுவடை இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டபடி எங்கோ போய்விட்டேன். ஒன்பது மணிக்கு மேல் அவள் அம்மா அழைத்தார்.

"டீச்சர், பிள்ள வந்துட்டாளா? பஸ் ரோசாக் ஆகி ரோட்லயே நின்னுருச்சு, இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். குடைய இங்கயே வச்சிட்டுப் போயிருக்கா."

நான் தலையைத் திருப்பி வகுப்பைப் பார்க்கவில்லை. கைப்பேசியில் பட்டியலைத் திறந்தேன். அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி இருந்தது.

"வந்துட்டாம்மா. கவலப்படாதீங்க."

"சரி டீச்சர், அப்ப நான் கொஞ்சம் படுக்கறேன் லா."

பேசி முடித்துத் திரும்பியபோதுதான் அவள் நாற்காலி காலியாக இருப்பதைக் கண்டேன். உடனே அம்மாவை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுக் காரை எடுத்தேன்.

அவள் நடந்துவரும் பாதை வாய்க்கால் ஓரமாகத்தான் போகிறது. மழையில் வாய்க்கால் விளிம்புவரை நிரம்பி, சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததெல்லாம் அந்தத் தண்ணீரைத்தான். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடப் பயமாக இருந்தது. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால்?

வாய்க்கால் திரும்பும் இடத்தில், வயல் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். காலணிகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாள். பனிக்குள் அறுவடை இயந்திரம் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்க, அதன் பின்னால் நூறு கொக்காவது இருக்கும், இறங்குவதும் எழுவதுமாக இருந்தன.

"டீச்சர், கொக்கெல்லாம் மெஷின் பின்னாடியே போகுது பாருங்க!"

அடிக்கக் கை ஓங்கினேனா, அணைக்கத்தான் போனேனா, இன்றுவரை தெரியவில்லை. ஈர வரப்பில் அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஸ்கூல் ஞாபகமே வரலியா உனக்கு?"

"வந்துச்சு டீச்சர். ஆனா நீங்கதான் போட்டுருவீங்களே." பிறகு, ரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு உங்க போன்ல பாத்தேன். நான் வர்றதுக்கு முன்னாடியே நான் வந்திருந்தேன்."

பள்ளியில் இன்னொருத்தி தனக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்பதுபோல அவ்வளவு நிம்மதியாகச் சொன்னாள். அந்த நிம்மதியை நான்தான் கொடுத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பள்ளிக்குத் திரும்பியதும் தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினார், வாங்கிக்கொண்டேன். பொய்யாகக் குறி போட்ட நாள்களையெல்லாம் எழுதித் தரச் சொன்னார். அன்றைய குறியை அவர் முன்னாலேயே மாற்றினேன். வராதவள். அதோடு மூன்றாவது கடிதத்துக்கான கணக்கு நிறைந்துவிட்டது. அம்மா வந்து பேசட்டும், பெயரை எடுக்காமல் இருக்க வழி பார்ப்போம் என்றவர், கடிதத்தை என்னையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

பள்ளி விட்டதும் அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். அவள் அம்மா வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல், கழுத்தில் தொழிற்சாலை அட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார். மகள்தான் தொட்டு எழுப்பினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிக் கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, தலையிலிருந்து பாதம்வரை தடவிப் பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"பிள்ள வந்துட்டாள்னு நீங்க சொன்னீங்கல்ல டீச்சர்," என்றார் மெதுவாக, "அதுக்கப்புறந்தான் நான் கண்ண மூடுனேன்."