டெய்சிக்கு மண் அணைத்தவர்

மலாக்காவில், காஜா பெராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த பலகை வீட்டின் முன்னால் நாலு முழம் இடம் சும்மா கிடந்தது. அதில் எதையாவது நட வேண்டும் என்று எனக்கு ஆசை. என் வீட்டுக்காரருக்கு அது சைக்கிள் நிறுத்துகிற இடம், அவ்வளவுதான்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி மகன். பண்டார் ஹிலிரில் மளிகைக் கடை வேலை. நான் மலாக்காவிலேயே பிறந்தவள். இந்தியாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிது. தெருவில் எல்லாரும் பிரஜாவுரிமைக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள். இவர் மட்டும் "பாப்போம்" என்பார். ஊருக்குத் திரும்புவது இந்தக் கப்பலா, அடுத்த கப்பலா என்று ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு, முகம் தெரியாத ஊரில் மாமியார் வாசலில் போய் நிற்க எனக்குப் பயம். அதை வாய்விட்டே சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டம்மா மலாக்காச் செட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன்னே இங்கே வந்து தமிழை மறந்துபோனவர்கள். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், பேச்சு முழுக்க மலாய். அவர் வேலியோரம் சிவப்பு டெய்சி வரிசையாகப் பூத்திருக்கும். இப்போது பூக்கடையில் காம்புக்குக் குழாய் மாட்டி விற்கிறார்களே ஜெர்பரா, அதற்கு மூத்த தலைமுறை. ஆப்பிரிக்காவில் புல்லோடு புல்லாக முளைத்த காட்டுப் பூ என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒல்லி இதழ், தரையோடு படிந்த இலை, காம்புக்கு ஒரே பூ. வாசனை கிடையாது. சாமிக்கும் வைக்க மாட்டோம், தலையிலும் வைக்க மாட்டோம். சும்மா பார்க்கத்தான் அந்தப் பூ, அதனாலேயே எனக்குப் பிடித்தது.

அந்தம்மா தூரைப் பிரித்து மூன்று கன்று கொடுத்தார். "ஜாங்ஙான் டாலாம்," என்றார். ஆழமாக நடாதே என்று அர்த்தம். குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், புதைந்தால் அழுகிவிடும். எங்கள் மண்ணோ களிமண். செங்கல் அடுக்கி மேடு கட்டி, மணல் கலந்து நட்டேன்.

"போகப்போற வீட்டுல பூச்செடி எதுக்கு?" என்றார் இவர், சைக்கிளுக்கு இடம் போன எரிச்சலில்.

"போறப்ப பாத்துக்கலாங்க," என்றேன்.

செடி பிடித்துக்கொண்டது, பூத்தும் விட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மழைக்காலத்தில் தங்கைக்குப் பிரசவம் என்று பிள்ளைகளோடு புக்கிட் ரம்பாய்க்குப் போய்க் கொஞ்ச நாள் தங்கிவிட்டுத் திரும்பினேன். மேட்டில் மூன்று மண் குவியல். செடியைக் கழுத்துவரை மூடி, கையால் தட்டி இறுக்கியிருந்தது. இழுத்துப் பார்த்தேன். மூன்றும் கையோடு வந்துவிட்டன. குருத்தெல்லாம் கறுத்துக் கூழாகி நாறியது.

கடையிலிருந்து வந்தவர் சட்டையைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். "ஊருக்குப் போக இது ஒரு தடையா இருக்குன்னுதானே கொன்னீங்க?"

அவர் திருதிருவென்று முழித்தார். "நான் ஏன் புள்ள கொல்றேன்? மழையில எல்லாம் சாஞ்சு கெடந்துச்சு. கத்திரிக்கு அணைக்கிற மாதிரி மண்ண அணைச்சு விட்டேன். தண்ணி நிக்கக் கூடாதுன்னு வாய்க்காகூட வெட்டினேனே, பாக்கலியா?"

போய்ப் பார்த்தேன். செங்கல் மேட்டைச் சுற்றி, தெருவோரச் சாக்கடையான லோங்காங்வரை, அளந்து வெட்டியதுபோல ஒரு வாய்க்கால். கத்திரிக்கும் மிளகாய்க்கும் மண் அணைத்துப் பழகிய கை, சாய்ந்த செடியைக் கண்டால் சும்மா இருக்காது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இது கத்திரி இல்லைங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உலை வைக்கப் போனேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியவர் சைக்கிளைத் தொடவில்லை. வேலியோரம் போய் நின்றார். அந்தம்மாவிடம் அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடையில் அரிசி பருப்பு விற்கிற மலாயை வைத்துக்கொண்டு செடி கேட்டார். நான் அடுப்படி ஜன்னலில் நின்றேன். மழையில் தன்னுடையதும் பாதி போய்விட்டது, மிச்சமெல்லாம் பொடிக் கன்றுகள், இப்போது நட்டால் அடுத்த வருஷம்தான் பூக்கும் என்றார் அந்தம்மா.

இவர் குனிந்து அந்தப் பொடிக் கன்றுகளைத் தொட்டுப் பார்த்தார்.

அப்புறம், "தாப்பா," என்றார். பரவாயில்லையாம். அடுத்த வருஷமும் நாங்கள் இங்கேதான் இருப்போம் என்று தட்டுத்தடுமாறி மலாயில் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில். அதை அந்த மனுஷன் என்னிடம் சொல்லவில்லை, அடுத்த வீட்டு வேலியில் போய்ச் சொன்னார்.