பதிவுக்கும் தாலிக்கும் நடுவில்

எங்கள் வழக்கப்படி, பதிவுத் திருமணம் முடிந்தும் தாலி கட்டும்வரை தங்கை, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில் என் வீட்டிலேயே இருந்தாள். விட்டு வந்த ஊரில் சண்டை மூண்டிருந்தது. நிரந்தர வதிவிட உரிமை பெற்றிருந்த மாப்பிள்ளை, மனைவி என்ற முறையில் அவளும் இங்கேயே தங்குவதற்கு விண்ணப்பித்திருந்தார்.

ஒரு காலை குடிவரவு அதிகாரி ஒருவர் முன்னறிவிப்பின்றி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்து பார்த்தார். பெண்ணின் உடுப்பு ஒன்றுமில்லை. அதை எழுதிக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை தொலைபேசியில் சொன்னார்: "அண்ணை, பொய்க் கலியாணம் எண்டு நினைச்சிட்டாங்கள். இவவைத் திருப்பி அனுப்பப் போறாங்கள்."

"தையிலதானே நல்ல நாள் வருது?" என்றேன்.

"நாள் வரேக்கை பொம்பிளை இங்க இருக்க வேணுமே."

மறுநாளே அவர் வீட்டில் தாலி கட்டுவித்து, தங்கையை அங்கேயே விட்டு வந்தேன். அனுமதி வரும்வரை, யார் கதவைத் தட்டினாலும் அவள் தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டுதான் திறந்தாள்.

இளைய தங்கைக்குப் பதிவையும் தாலியையும் ஒரே நாளில் வைத்தேன்.