சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு பதில்

இன்று பதுளை மலைநாட்டில், பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பிள்ளைகளின் நடத்தைப் பிரச்சினைகள் பற்றிய ஆய்வுக்காகத் தாய்மாரிடம் கேள்வி கேட்பதுதான் என் வேலை.

தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் உட்கார்ந்து ஒரு தாயிடம் கேட்டேன். "மகன் கோபத்தில் சாமான் உடைக்கிறானா?"

"இல்லீங்க மிஸ். தங்கமான புள்ள."

காம்பராக்களுக்கு இடையிலுள்ள சுவர் கூரை வரை போவதில்லை. அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல்: "அப்ப நேத்து எங்க வாளிய ஒடச்சது யாரு?"

அந்த அம்மா தலை குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு எல்லாக் கேள்விக்கும் "இல்லை"தான்.

அடுத்து, குரல் கொடுத்தவரின் காம்பராவுக்குப் போனேன். அவர் பிள்ளையும் தங்கம்தானாம்.

களைத்துப்போய் பஸ் பிடிக்க மலைப்பாதையில் இறங்கியபோது, முதல் அம்மா பின்னாலேயே வந்தார். ஆளில்லாத வளைவில் நின்று மெதுவாகச் சொன்னார்:

"அவங்க அப்பா கொழும்புக்குப் போனதுல இருந்து மகன் என்கிட்ட பேசுறதே இல்ல மிஸ். கோவம் வந்தா தன்னையே அடிச்சுக்கிறான். நான் என்னங்க செய்யணும்?"

பதுளை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். "அங்க போனா லயத்துல என்ன சொல்லுவாங்க?" என்றார். எனக்குக் கேள்வி கேட்பதற்கு மட்டும்தான் பயிற்சி கொடுத்தார்கள்.

அவருக்கு என்ன பதில் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்பாக்ஸில். இங்கே கமெண்டில் பேசினால் லயம் முழுக்கக் கேட்கும்.